யாரும் நிற்காத பனி

எங்கள் ஏரி உறைவதை யாரும் வந்து சொல்வதில்லை. காலையில் காபிக்குத் தண்ணீர் வைக்கும்போது சன்னல் வழியே பார்த்தால் அலை இருக்காது, அவ்வளவுதான். முந்தின நாள் வரை கரையோடு தொணதொணத்துக்கொண்டிருந்த தண்ணீர் வாயை மூடிக்கொண்டிருக்கும். பிறகு குளிர் இறுகும். இறுக இறுகப் பனி பாடத் தொடங்கும். நீளமான கம்பியை யாரோ சுண்டிவிட்டதுபோல ஓர் ஒலி இந்தக் கரையில் கிளம்பி, பனிக்குள்ளேயே ஓடி, அந்தக் கரையில் போய் அடங்கும். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னமும் அது கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவேன். இதனால் எத்தனையோ உருளைக்கிழங்கு கருகியிருக்கிறது.

அப்புறம் தொலைபேசி அடிக்கும். ஊரில் எல்லாருக்கும் ஒரே கேள்வி.

"தாங்குதா?"

கேள்வி எனக்கில்லை, என் கணவன் சிக்ஸ்டனுக்கு. எங்கள் ஊர் ஸ்கேட்டிங் கூட்டத்துக்கு அவன்தான் முன்னால் போகிறவன். காலில் கத்தி கட்டிக்கொண்டு முதலில் ஏரியில் இறங்குவது அவன். அவன் "தாங்கும்" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். அவன் சொல்லை நம்பி இறங்கி நனைந்தவர் ஒருவரும் இல்லை. கையில் ஈட்டிக்கோல் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு குத்து குத்திப் பார்ப்பான். ஆனால் காற்றாய்ப் பறக்கிற வேகத்தில் அடிக்கொரு குத்து குத்திக்கொண்டிருக்க முடியாது. அங்கே காதுதான். தடித்த பனி கத்திக்கு அடியில் அடிவயிற்றிலிருந்து பாடும். மெல்லிய பனி கீச்சென்று பாடும். பனி மெலிய மெலியக் குரல் ஏறும். குரல் ஏறினால் திரும்பிவிட வேண்டும். எங்கள் ஊரில் இது குழந்தைகளுக்கும் தெரியும்.

அந்த வருடம் ஏரி வாயை மூடிய வாரத்தில், ஒரு காலை, நான் விறகு எடுக்கத் தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். கெட்டிலின் விசில் அங்கேயே கேட்டது. அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே என்று நிதானமாக விறகை அடுக்கினேன். விசில் நிற்கவில்லை. உள்ளே வந்தால் சமையலறை முழுக்க ஆவி. அடுப்பிலிருந்து கைநீட்டும் தூரத்தில் சிக்ஸ்டன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான்.

"கெட்டில் கத்துறது கேக்கலையா?"

"கேட்டுச்சே. கத்தட்டும்னு விட்டேன்."

"கத்தட்டும்னு விட்டியா? பாதித் தண்ணி ஆவியாப் போயிடுச்சு!"

"மீதிப் பாதி இருக்குல்ல. நீ ஏன் இப்படிக் கத்துற, கெட்டிலுக்குப் போட்டியா?"

அவன் காபி ஊற்றிக்கொண்டான். நான் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். போன கோடையில் அவன் புல்வெளியில் நின்று, "இந்த வருஷம் வெட்டுக்கிளியே இல்ல பாரு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. என் காது நிறைய வெட்டுக்கிளிச் சத்தம். அப்போது அதை ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன். மர அறுவை ஆலையில் வாழ்நாளெல்லாம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற காதுகள். கீழ்க் குரலெல்லாம் நன்றாகக் கேட்கும். தபால்காரரின் வண்டி வளைவில் திரும்பும்போதே சொல்லிவிடுவான். கீச்சுக் குரல் மட்டும் போய்விட்டது.

கீச்சுக் குரல் கேட்காத காது மெல்லிய பனிக்கு மேல் போனால் என்ன ஆகும்? மெல்லிய பனி அலறும், அவனுக்கு எட்டாது. பின்னால் நல்ல பனியில் வருகிறவர்களின் கத்தி ஒலி மட்டும் கேட்கும், அதைக் கேட்டு ஆனந்தமாகப் போய்க்கொண்டே இருப்பான். ஏரி உறைந்தபின் வரும் முதல் சனிக்கிழமையில் கூட்டம் முழுவதும் ஏரி இடுங்குகிற இடுக்கைத் தாண்டி அக்கரைக் காபிக் குடிலுக்குப் போவது வழக்கம். இடுக்கில் அடியில் நீரோட்டம். அது எப்போதும் கடைசியாகத்தான் உறையும். முன்னால் சிக்ஸ்டன் போவான், பின்னால் ஊரில் பாதி போகும்.

எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"காது டாக்டர்ட்ட ஒரு நடை போயிட்டு வாயேன்" என்றேன்.

"எதுக்கு? என் காதுதான் இந்த ஊருக்கே காது."

"அதனாலதான் சொல்றேன்."

"ஹில்லெவி, போய் உன் கம்பிகளோட பேசு. அதுங்க பதில் சொல்லும்."

போனேன். நான் தொலைபேசி நிலையத்தில் பழுது பார்க்கிறவள். பேசி ஆகாத இடத்தில் கம்பி இழுப்பது என் பழக்கம். ஊரில் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், சிக்ஸ்டனுக்குக் காது மங்கிவிட்டது என்று. சொன்னால் அவன் தண்ணீரில் விழாமலே மூழ்கிவிடுவான். அதற்குப் பதில், ஏரியின் குரலைக் கம்பி வழியாக எங்கள் சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டால்? எல்லாரும் உட்கார்ந்து கேட்கட்டும். ஒருவன் காதை மட்டும் நம்பி யாரும் இறங்க வேண்டாம். அவனுக்கும் தலைகுனிவில்லை. இப்படித்தான் என் திட்டம் பிறந்தது.

பழைய ரெக்கார்ட் பிளேயரின் முள்ளிலிருந்து படிகச் சில்லு ஒன்றைக் கழற்றினேன். அது அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். கரையோரப் பனியில் அதை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். நான் எழுந்து நிற்பதற்குள் உறைந்து பிடித்துக்கொண்டது. கம்பியைச் சன்னல் இடுக்கு வழியாக உள்ளே இழுத்தேன். ஆனால் படிகம் ஒரு நோஞ்சான் பாடகி. குரல் உண்டு, வலு இல்லை. சும்மா பாடச் சொன்னால் பாடும். அதன் தலையில் ஒரு சுமையை வைத்தால், ஸ்பீக்கரோ எதுவோ, முதலில் அடிக் குரலெல்லாம் செத்துப்போகும், கீச்சு மட்டும் மிஞ்சும். ஆகவே படிகத்துக்கும் சுமைக்கும் நடுவில் ஒரு தாங்கி வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, நாலைந்து மின்தடை. தாங்கி என்ன செய்யும் என்றால், தன் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லும். புதிதாக எதுவும் சேர்க்காது. சுமையை மட்டும் தன் தோளில் வாங்கிக்கொள்ளும்.

நான் சால்டரிங் செய்துகொண்டிருந்தபோது மாய்க்கென் காபிக்கு வந்தாள். என் நாத்தனார். அவள் வாய்க்கு ஏரியே பயப்படும். செய்தித்தாளின் ஓரத்தில் நான் போட்டிருந்த கணக்கை எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, கேக்குக்கு மாவுக் கணக்கா?"

"மின்னழுத்தப் பெருக்கம். உள்ள போறது எத்தனை மடங்கா வெளிய வருதுன்னு கணக்கு."

"எத்தனை மடங்கு?"

"இந்தத் தடை நாலாயிரத்து எழுநூறு ஓம். டிரான்சிஸ்டருக்குள்ளயே சின்னதா ஒரு தடை இருக்கும், இருபத்தஞ்சு. நாலாயிரத்து எழுநூறை, ரெண்டையும் கூட்டின தொகையால வகுக்கணும். நூறு போட்டா தொண்ணூத்தொம்பதரை வரும்."

மாய்க்கென் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இரு இரு. நூறு உள்ள போனா, தொண்ணூத்தொம்பதரைதான் வெளிய வருமா?"

"ஆமா."

"பேரு பெருக்கம். ஆனா குறையுது!"

"குறையத்தான் செய்யும். ஒண்ணைத் தாண்டவே தாண்டாது."

"மத்தியானம் பூரா விரலைச் சுட்டுக்கிட்டு உக்காந்து, இருக்குறதைக் குறைக்கிறதுக்கு ஒரு மிஷின் பண்ணியிருக்க! எங்க அண்ணனைக் கல்யாணம் பண்ணதுல மூளை குழம்பிப்போச்சு போல."

"உங்க அண்ணன் சொன்னதையே அரை வாசி சத்தத்துல திருப்பிச் சொல்லிட்டு, அவன் பாரத்தை நான் தூக்கிட்டு அலையுறேனே, அதுக்குப் பேரும் பெருக்கம்தான்" என்றேன். அவள் சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

அவள் சிரித்தாலும், நான் பெருமையில் இருந்தேன். தொண்ணூற்றொன்பதரை! நூறில் அரைதான் நஷ்டம். இதைவிட விசுவாசமான தாங்கி எங்கே கிடைக்கும்?

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் பட்டாணி சூப். கூட்டத்தில் அடுத்த ஆளான டோர்ன்யியையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டேன். டோர்ன்யி நல்லவன், ஆனால் ஒரு கேலிச் சொல் கிடைத்தால் வசந்தம் வரை விடமாட்டான். சூப் முடிந்ததும், எல்லாருக்கும் கேட்க வேண்டுமே என்று, பெட்டிக்குள் வைத்திருந்த தாங்கியின் முனையில் ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை மாட்டினேன். சிக்ஸ்டன் வெளியே கரைப் பனியில் போய் நின்று காலால் உதைத்தான்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு "கீச்". மறுபடி உதைத்தான். மறுபடி "கீச்".

டோர்ன்யி ஸ்பீக்கரில் காதை வைத்தான். "ஐயோ, இந்தப் பனி ஒரு பூனையைக்கூடத் தாங்காதே! சிக்ஸ்டனைக் கூப்பிடுங்கப்பா, செத்துடப் போறான்!"

சன்னலுக்கு வெளியே சிக்ஸ்டன் இரண்டு காலாலும் குதித்துக்கொண்டிருந்தான். ஒரு குதிரை வண்டி நிற்கலாம், அவ்வளவு தடித்த பனி அது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாய்க்கென் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சிக்ஸ்டன் உள்ளே வந்து, விஷயம் தெரிந்ததும் அவனும் சிரித்தான்.

"பெட்டிக்குள்ள எலி வெச்சிருக்கா" என்றான் டோர்ன்யி. அன்றிலிருந்து அதற்குப் பெயர் ஹில்லெவியின் எலி.

"பாத்தியா?" என்றான் சிக்ஸ்டன், அவர்கள் போன பிறகு. குரலில் கேலி இல்லை, அதுதான் எனக்கு வலித்தது. "காது காதுதான். இடுக்கு வரைக்கும் இன்னிக்குப் போய்ப் பாத்தேன். அருமையா, ஆழமாப் பாடுது. சனிக்கிழமை போறோம்."

இடுக்கு ஆழமாகப் பாடுகிறதாம், உறைந்து சில நாள்கூட ஆகாத இடுக்கு.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்துவிட்டு, தொலைபேசி நிலையத்துப் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறைப் பலகையில் படுத்தேன். எரிச்சலில் படுத்தேன், ஆனால் காதில் ஏரி வந்து உட்கார்ந்துகொண்டது. சன்னமாகத்தான், இன்னும் முழுக் குரல் வரவில்லை. ஆனாலும் எங்கோ தொலைவில் ஒரு விரிசல் ஓடியது, நீல நிறத்தில். ஒலிக்கு நிறம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் இருந்தது. அடுப்பின் சூடு கால்களில் ஏறியது. நான் தூங்கினேனா, தெரியவில்லை. பலகை மெல்ல மிதந்து சன்னலைத் தாண்டிப் போனதுபோல இருந்தது. பனியின் மேல் என் கணக்கு எழுதியிருந்தது, ஒவ்வோர் எண்ணும் ஒரு படகின் நீளம். நாலாயிரத்து எழுநூறின் மேல் நான் நடந்தேன். எண்கள் அடியில் மினுங்கின, மீன்கள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தன. அருமையான பனி, கண்ணாடி மாதிரி, ஒரு கீறல் இல்லை. என் கணக்குதானே, எப்படிக் கீறல் இருக்கும்? அப்போது எதிரே சிக்ஸ்டன் ஸ்கேட் போட்டுக்கொண்டு வந்தான். அவன் காலை வைத்த இடத்தில் எண்கள் வளைந்தன. ஏழு நெளிந்தது. நான் கத்தினேன், என் வாயிலிருந்து கீச்சென்று மட்டும் வந்தது, அவன் புன்னகையோடு வந்துகொண்டே இருந்தான்.

விழித்துக்கொண்டேன். விடை கையில் இருந்தது.

யாரும் நிற்காத பனிக்கு நான் கணக்குப் போட்டிருந்தேன். யாரும் நிற்காத பனி எப்போதும் தாங்கும்! இந்த ஊரில் பிறந்து, சுமையை விட்டுவிட்டுத் தாங்கிக்குக் கணக்குப் போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஸ்பீக்கர் வெறும் எட்டு ஓம். அதை மாட்டியதும் என் நாலாயிரத்து எழுநூறுக்கு மதிப்பே இல்லை. வெளியே அந்த எட்டுதான் பேசும். எட்டை, எட்டும் இருபத்தைந்தும் சேர்ந்த முப்பத்துமூன்றால் வகுத்தால் நூறுக்கு இருபத்துநாலு. அது போதாதென்று, தாங்க முடியாத பாரம் அப்படியே பின்னால் சாய்ந்து, படிகத்தின் தலையிலும் விழுந்திருக்கிறது. அடிக் குரல் செத்துக் கீச்சு மட்டும் வந்ததற்கு அதுதான் காரணம். பனி பொய் சொல்லவில்லை. என் கணக்குதான் பொய்.

எழுந்து விளக்கைப் போட்டேன். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போனே போதும். அது இரண்டாயிரம் ஓம், அவ்வளவு பாரமில்லை. ஒரு டிரான்சிஸ்டரின் தோளில் இன்னொன்றை ஏற்றினேன், படிகத்தின் தலையில் துரும்புச் சுமைகூட விழாதபடி. இந்தத் தடவை சுமையோடு சேர்த்துக் கணக்குப் போட்டேன். நாலாயிரத்து எழுநூறும் இரண்டாயிரமும் பக்கம் பக்கமாக நின்றால் ஆயிரத்து நானூறு. உள்தடை இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பது. நூறுக்குத் தொண்ணூற்றாறு சொச்சம். மாய்க்கென் பார்த்தால் இன்னும் குறைத்துவிட்டாயே என்று கொண்டாடியிருப்பாள். குறைந்திருந்தது, உண்மைதான். ஆனால் ஹெட்போனை மாட்டியதும் ஏரி தன் முழு உடம்போடு காதுக்குள் வந்தது. அடிக் குரல், நடுக் குரல், எங்கோ ஒரு கீச்சு, எல்லாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிவதற்குள் சிக்ஸ்டனை எழுப்பினேன்.

"கூட்டம் வர்றதுக்கு முன்னாடி இடுக்கு வரைக்கும் என்கூட வா. எலியை எடுத்துட்டு வர்றேன்."

"திரும்பவுமா?"

"இன்னிக்கும் அது தப்பாச் சொன்னா இடுக்குலயே போட்டுட்டு வந்துடறேன். வசந்தம் வரைக்கும் டோர்ன்யி என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். வா கிழவா."

பனியில் காலால் உதைத்து ஓட்டும் உதைவண்டியில் பெட்டியையும் பேட்டரியையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். எங்கும் நீலம். வானமும் பனியும் ஒரே துணியில் வெட்டியதுபோல, நடுவில் தையல்கூடத் தெரியவில்லை. அவன் கத்தியின் ஓசை கீழே கனமாக, சுகமாக ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டே ஆயுள் முழுக்கத் தள்ளிக்கொண்டு போகலாம் போல இருந்தது. இடுக்கு வரைக்குமான பனி நல்ல பனிதான். இடுக்கின் வாயில் நிறுத்தினேன். படிகச் சில்லைப் பனியில் வைத்து, தெர்மாஸிலிருந்து காபியை அதன் மேல் ஊற்றினேன்.

"காபியை ஏண்டி வீணாக்குற!"

"உறையட்டும். பேசாம நில்லு."

உறைந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கரையில் பொறுக்கிப் பையில் போட்டிருந்த கற்களில் ஒன்றை எடுத்து இடுக்குக்குள் வீசினேன். அது பனியில் தத்தித் தத்திப் போனது. ஒவ்வொரு தத்தலுக்கும் என் காதில் ஒரு கீச்சு, பறவைக் குஞ்சின் கழுத்தைத் திருகினாற்போல. மேலே, இன்னும் மேலே. தூரம் போகப் போகக் குரல் ஏறிக்கொண்டே போனது. எனக்கு உடம்பு கூசியது.

"இப்ப நீ போட்டுக்கோ" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டான். நான் இன்னொரு கல் எடுத்து இன்னும் தொலைவில் வீசினேன்.

சிக்ஸ்டன் தலையைச் சாய்த்துக் கேட்டான். காத்திருந்தான். பிறகு சிரித்தான்.

"உன் எலி செத்துப்போச்சு, ஹில்லெவி. ஒண்ணும் வரலை."

அவனுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் ஒரு சத்தமில்லை. அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து, அவன் காதைச் சுற்றி ஒழுகி, அந்தக் கீச்சு எனக்குக் கேட்டது. அவன் தலையிலிருந்தே வந்ததுபோல இருந்தது. எனக்கு வெளியிலிருந்து கேட்கிறது, உள்ளே இருக்கிற அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"என்ன?"

ஹெட்போனை அவன் தலையிலிருந்து எடுத்தேன். அதன் ஒரு பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினேன்; உள்ளே மெல்லிய தகடு. அவன் கையுறையை உருவி, அவன் விரலைப் பிடித்துத் தகட்டின் மேல் வைத்தேன். மறு கையால் இன்னொரு கல்லை வீசினேன். தகடு அவன் விரல் நுனியில் ஈ சிறகடிப்பதுபோலத் துடித்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவன் விரல் என் கைக்குள் இருந்தது.

அவன் கையை எடுக்கவில்லை. தகடு அடங்கிய பிறகும் எடுக்கவில்லை.

"உனக்கு இது கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

"அலறுது, சிக்ஸ்டன்."

அவன் பனியில் குப்புறப் படுத்தான். ஊர்ந்து கொஞ்ச தூரம் முன்னால் போய், ஈட்டிக்கோலை நீட்டி ஒரே ஒரு குத்து குத்தினான். அது வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. கருப்பாகத் தண்ணீர் எழும்பிப் பனியில் பரவியது. அவன் அதே நிலையில் படுத்துக்கிடந்தான். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"முந்தாநாள் இங்க வந்தேனே" என்றான் கடைசியில், முகத்தைத் திருப்பாமல். "அழகாப் பாடுதுன்னு நினைச்சேன். நான் கேட்டது என்ன?"

"தெரியலை. பழைய வருஷத்துப் பனியா இருக்கும்."

"வெட்டுக்கிளி இருந்துச்சா, கோடையில?"

"நிறைய இருந்துச்சு."

சூரியன் வருவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. டோர்ன்யி முன்னால், மாய்க்கென் முதுகில் குங்குமப்பூ ரொட்டிப் பையோடு, பின்னால் மற்றவர்கள், எல்லார் வாயிலும் ஆவி. தூரத்திலிருந்தே டோர்ன்யி கத்தினான்.

"எலியையும் கூட்டிட்டு வந்தாச்சா! என்ன சொல்லுது சிக்ஸ்டன், தாங்குமா?"

தாங்காது என்று மட்டும் சொன்னால் போதும். அவன் காதுதான் கண்டுபிடித்தது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். நானும் வாயைத் திறக்கமாட்டேன். அதற்காகத்தானே இவ்வளவும்?

சிக்ஸ்டன் முழங்காலில் ஒட்டியிருந்த பனித்தூளைத் தட்டினான்.

"தாங்காது" என்றான். "எனக்குக் கேக்கலை. எனக்கு இனிமே கேக்காது. ஹில்லெவிக்குக் கேட்டுச்சு."

டோர்ன்யி கருப்புத் தண்ணீரைப் பார்த்தான், சிக்ஸ்டனைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அவன் வாயில் ஒரு கேலியும் வராமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மாய்க்கென் வந்து பையைத் திறந்து, அண்ணன் கையில் ஒரு ரொட்டியை வைத்தாள், சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல.

"சாப்பிடுடா" என்றாள். "காபி எங்க?"

"பனியில ஊத்திட்டா" என்றான் அவன்.

அதற்குப் பிறகு குளிர் நன்றாக இறுகியது. ஏரி இரவு பகலாகப் பாடியது. ஒரு வாரம் கழித்து வந்த சனிக்கிழமையில் கூட்டம் மறுபடி இடுக்கின் வாயில் வந்து நின்றது. பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஓடுகிற கத்திக்கு அது ஆகாது. யார் முன்னால் போவது என்று எல்லாரும் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிக்ஸ்டன் ஒதுங்கிக் கடைசியில் நின்றிருந்தான். நான் போய் அவன் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தேன்.

"என்ன பண்ற?"

"நீதான் முன்னால போவ. நான் உன் பக்கத்துல வர்றேன். கேக்கிறதை நான் பாடிக் காட்டுறேன், உனக்கு எட்டுற குரல்ல."

இரண்டு பேரும் கை கோத்தபடி இடுக்குக்குள் சறுக்கினோம். என் கத்திக்கு அடியில் பனி பாடியது, நானும் வாயை மூடிக்கொண்டு அதையே முனகினேன், கீழிறக்கி, அவன் காதோரமாக. பனி தன் குரலை மாற்றியபோதெல்லாம் நானும் மாற்றினேன். கரையின் மரங்கள் நகர்ந்தன. எங்களுக்கு அடியில் இருட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வெகு அடியில். இடுக்கின் நடுவுக்கு வந்தபோது அவன் என் கையை அழுத்தினான்.

"அப்படியே பாடுறியா, அது பாடுற மாதிரியே?"

"கொஞ்சம் குறையும். என் குரல்தானே."

"எவ்வளவு குறையும்?"

"நூத்துக்கு மூணரை."

அவன் கொஞ்ச தூரம் சறுக்கினான். நான் முனகிக்கொண்டே வந்தேன். பிறகு அவன் தலையைத் திருப்பி, பின்னால் காத்து நிற்கிறவர்களைப் பார்த்து, அந்த வருடத்தில் முதல் தடவையாக, குரலெடுத்துக் கத்தினான்.

"தாங்கும்!"